சம்பந்தியம்மாளின் நீச்சல்

தாடைக்குக் கீழே தாங்கிப் பிடித்திருந்த கை போய்விட்டது.

கால் மண்ணைத் தேடியது. மண் இல்லை.

மூக்கில் தண்ணீர் ஏறியது. கண்ணுக்குள் எல்லாம் பச்சையாக இருந்தது. அவள் கையை அடித்தாள். காலை உதைத்தாள். எப்படியோ தலை மேலே வந்தது.

"அடிக்காதிய மதினி. தண்ணிய இழுங்க. இழுத்துப் பின்னால தள்ளுங்க."

செண்பகவடிவின் குரல். கைக்கெட்டும் தூரத்தில்தான் கூடவே நீந்தி வந்தாள். ஆனால் தொடவில்லை.

அவள் இழுத்தாள்.

வயது ஐம்பத்தெட்டு. கரிசல்காட்டில் பிறந்து, கரிசல்காட்டிலேயே கட்டிக்கொடுக்கப்பட்டவள். தண்ணீர் என்றால் அவளுக்குக் குடத்தில் இருப்பது. வரிசையில் நின்று பிடித்து, இடுப்பில் சுமந்து வருவது.

அது தன்னைச் சுமக்கும் என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை.

கணவர் போனபின் ஒரே மகள் வந்து இங்கே அழைத்துவந்துவிட்டாள். தாமிரபரணிக் கரையில் இருந்தது மகள் வாழ்க்கைப்பட்ட ஊர். மகளின் மாமியார்தான் செண்பகவடிவு.

சம்பந்தி வீட்டில் வந்து இருப்பது லேசுப்பட்ட காரியமில்லை. அடுக்களைக்குள் அவள் கேட்டுக்கொண்டுதான் போனாள். இரண்டாம் முறை சோறு போட வந்தால் கையை வைத்து இலையை மறைத்தாள். உட்கார்ந்தாலும் எழுந்து போகிறவள் மாதிரியே உட்கார்ந்தாள்.

செண்பகவடிவு இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"விருந்தாடியா வந்திருக்கியளா, இந்த ஊர்ல இருக்கப் போறியளா?"

அவள் உதிர்ந்த கீரை இலைகளைப் பொறுக்கி முறத்தில் போட்டாள்.

"இருக்கப் போறியன்னா ஆத்துல எறங்கணும் மதினி. இங்க அப்பிடித்தான்."

இங்கே அப்படித்தான்.

செண்பகவடிவு சிறுமியாக இருந்தபோது, அக்கரையில் நடவு முடித்துத் திரும்பிய படகு நடு ஆற்றில் கவிழ்ந்தது. ஆண்கள் நீந்திக் கரையேறினார்கள். பெண்கள் ஒருத்திகூட ஏறவில்லை.

தினமும் அதே ஆற்றில் குளித்தவர்கள்தான். படித்துறையைத் தாண்ட அவர்களை யாரும் விட்டதில்லை.

செண்பகவடிவின் அம்மாவும் அந்தப் படகில் இருந்தாள்.

காரியம் முடிந்த கையோடு ஊர் கூடியது. அதிகம் பேச்சில்லை. மறுநாள் விடிந்ததும் அப்பன்மார் தங்கள் பெண்பிள்ளைகளைக் கையைப் பிடித்து ஆற்றுக்குக் கூட்டிப்போனார்கள். முதலில் இறங்கியது செண்பகவடிவின் அப்பா. மொட்டையடித்த தலையோடு, மகளைத் தோளில் வைத்துக்கொண்டு.

அதிலிருந்து இந்த ஊரில் பால்பல் விழுவதற்குள் பெண்பிள்ளைக்கு நீச்சல் வந்துவிடும். பெண் பார்க்க வருகிறவர்களிடம் படிப்பைச் சொல்லும் முன் இதைச் சொல்வார்கள். மருமகளாக வருகிறவள் மறுவீடு போய்த் திரும்பியதும் மாமியாரோடு ஆற்றுக்குப் போவாள். சுற்றுவட்டாரத்தில் எங்கே ஆள் விழுந்தாலும் தீயணைப்பு வண்டிக்கு முன்னால் இந்த ஊர்ப் பெண்கள் போய்ச் சேர்ந்துவிடுவார்கள்.

இந்த ஊர்ப் பெண் ஒருத்தியையும் அதற்குப்பிறகு ஆறு எடுத்துக்கொண்டதில்லை.

சம்பந்தியாக வந்த ஒருத்தி ஆற்றில் இறங்கியது இதுதான் முதல் தடவை. அப்படி ஒரு வழக்கம் அதுவரை இல்லை. மகளின் பழைய சுடிதாரைப் போட்டுக்கொண்டு முதல்நாள் தெருவில் நடந்தபோது அவளுக்குக் கூச்சத்தில் உயிர் போயிற்று. தெருவில் ஒருவரும் சிரிக்கவில்லை. மளிகைக்கடைக்காரி மட்டும் கடையை விட்டு வெளியே வந்து, "மூச்சப் பிடிச்சுக்கிட்டா ஒடம்பு மெதக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

சில நாள் படித்துறையோரம் பழகியபின் இன்றுதான் அக்கரைக்கு. கை வலித்தது.

படித்துறை பின்னால் எங்கேயோ போய்விட்டது. துவைத்துக்கொண்டிருந்தவர்கள் துணியைக் கல்லில் போட்டுவிட்டு நிற்பார்கள். மகள் நின்றிருப்பாள். திரும்பிப் பார்க்க முடியாது.

நடு ஆற்றில் தண்ணீர் சில்லென்று இருந்தது. ஒரு இழுப்பு இழுத்தது. படகு கவிழ்ந்தது இந்த இடத்தில்தான் என்று அவளுக்குத் தோன்றியது. பக்கத்தில் செண்பகவடிவின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் ஒன்றும் இல்லை. சீராக நீந்திக்கொண்டிருந்தாள்.

அவளும் நீந்தினாள்.

வயிறு மணலில் உரசியது. அப்போதுதான் அக்கரை வந்துவிட்டது தெரிந்தது.

தவழ்ந்து மேலே ஏறி, குடித்த தண்ணீரையெல்லாம் இருமினாள். செண்பகவடிவு பக்கத்தில் உட்கார்ந்து தலைமுடியைப் பிழிந்தாள்.

படித்துறையிலிருந்து குலவை எழுந்தது. அத்தனை பேரின் சத்தத்திலும் மகளுடையது தனியாகக் கேட்டது.

மருதமரத்தடியில் ஒரு வேன் நின்றது. கோயிலுக்குப் போகிற வழியில் குளிக்க இறங்கிய வெளியூர்க்காரர்கள். சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு கால் நனைத்த பெண் ஒருத்தி, இவர்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அருகில் வந்தாள்.

"எந்த ஊரும்மா நீங்க?"

கோவில்பட்டிப் பக்கம், மக வீட்டுக்கு வந்திருக்கேன். யார் கேட்டாலும் அவள் சொல்வது அதுதான். இப்போதும் வாயைத் திறந்தாள்.

செண்பகவடிவு முடி பிழிவதை நிறுத்தினாள்.

சம்பந்தியம்மாள் கையை நீட்டி ஆற்றுக்கு அந்தப்புறம் காட்டினாள்.

"அந்தா தெரியுதுல்ல. அதான்."

"அங்கேருந்து நீந்தியா வந்தீங்க? அதான் பாலம் போட்டிருக்காங்களே."

அவள் திரும்பிப் பார்த்தாள். பாலம் இருந்தது. பஸ் ஒன்று போய்க்கொண்டிருந்தது. அதைக் கட்டி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது.

அவிழ்ந்திருந்த கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டாள்.

"போவமா மதினி?" என்றாள்.

செண்பகவடிவு எழுந்திருப்பதற்குள் அவள் இடுப்பளவு தண்ணீரில் இருந்தாள்.