ரோஜாப்பூ படம்

மெயில் போன பிறகுதான் சாயிமா முகவரியைப் பார்த்தாள்.

பிரிண்டிங் பட்டறைக்குப் போக வேண்டியது. இரண்டு முகவரியும் 'திருப்பூர்' என்றுதான் தொடங்கும். கம்ப்யூட்டர் தானாகவே பனியன் கம்பெனிக்காரர்களின் மெயில் குழுவை எடுத்துப் போட்டிருந்தது. ஊரில் பாதிப் பேர் அதில் இருக்கிறார்கள். அவள் முதலாளி பாரூக்கும்தான்.

அட்டாச்மென்ட்டில் இருந்தது, அவர்களிடம் துணி வாங்கும் வெளிநாட்டு பையரின் அடுத்த சீசன் டிசைன். கசிந்தால் ஆர்டர் போகும். அவள் வேலையும் போகும்.

குழுவில் அட்டாச்மென்ட் அனுப்பக் கூடாது. தப்பித் தவறி வந்தாலும் யாரும் திறக்கக் கூடாது. குழுவை நடத்தும் மணியன் போட்ட விதி. எழுத்து மட்டும்தான் எல்லாருக்கும் போகும். அட்டாச்மென்ட் மணியனிடமே நின்றுவிடும்.

அதுதான் வினை. போட்டிக் கம்பெனி வைத்திருக்கும் மணியனும் அந்த பையரைப் பிடிக்கச் செருப்புத் தேய அலைகிறவர்.

"படம் பார்த்துட்டுச் சொல்லுங்கன்னு இருக்குது, படத்தைக் காணோமுங்க?" என்று மங்கலத்துக்காரர் ஒருவர் குழுவில் கேட்டுவிட்டார்.

பாரூக் அறையை விட்டு எழுந்து வந்தார். "என்ன படம் சாயிமா அது?"

அவள் மெயிலை மூடப் போனாள். அதற்குள் மணியனின் பதில் வந்துவிட்டது. பாரூக் தன் போனைப் பார்த்து உரக்கப் படித்தார்.

"பாரூக் பாய் கம்பெனிப் பொண்ணு ரோஜாப்பூ போட்டு காலை வணக்கம் அனுப்பியிருக்குதுங்க. இங்க பூக்கடையா நடக்குது? இன்னொருக்கா வந்தா குழுவை விட்டே எடுத்துருவேன்."

பக்கத்து மேஜைகளில் சிரித்தார்கள். போயும் போயும் அந்த ஆளிடம் பேச்சு வாங்க வைத்துவிட்டாயே என்று கடிந்துகொண்டு பாரூக் அறைக்குத் திரும்பினார்.

மானம் போனதுகூட அவளுக்கு உறைக்கவில்லை. எந்த ரோஜாப்பூ? டிசைனை அமுக்கிக்கொள்ளத்தான் மனுஷன் கதை கட்டுகிறாரா?

மாடிப்படிக்குப் போய் மணியனுக்குப் போன் செய்தாள்.

"டிசைனை... பார்த்துட்டீங்களாங்க?"

"ஃபைல் பேருலயே பையர் பேரு இருந்துதே கண்ணு. அப்படியே அழிச்சுட்டேன். பூன்னு சொல்லாட்டி உங்க முதலாளி உன்னைய விட்டிருப்பாரா?"

"திறந்துகூடப் பார்க்கலீங்களா?"



"திறக்கக் கூடாதுங்கற ரூல் எனக்கும் சேத்தித்தானுங்க."