காதோடு டப்பிங்

“இப்ப அவன் போன்ல என்ன சொல்றான்?”

இருட்டில் தலையைச் சாய்த்துக் கேட்டார் சுப்ரமணியன். பக்கத்து இருக்கையிலிருந்த தேஜஸ் அவரையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தான். திரையில் வந்த மாப்பிள்ளை யாரிடமோ, மாமனாரை முடித்துவிட்டால் சொத்து முழுக்க நமக்குத்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

“மாமனாருக்குக் கண் ஆபரேஷன், அங்கிள். டாக்டர்கிட்ட நாள் கேக்கறாரு.”

“அதுக்கு இவ்வளவு கோபமா?”

“டாக்டர் ரொம்ப இழுத்தடிக்கறாரு.”

சுப்ரமணியன் தலையாட்டிவிட்டுத் திரையைப் பார்த்தார்.

அனன்யா தன் காதலை அப்பாவிடம் சொல்லி ஒரு மழைக்காலமே போய்விட்டது. சுப்ரமணியன் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தாயில்லாத பெண்ணை ஒற்றை ஆளாக வளர்த்தவர். தேஜஸ் வீட்டுக்கு வந்தால் தன் கையாலேயே காபி போட்டுக் கொடுப்பார். அதன்பிறகு அவன் கிளம்பும்வரை செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்க மாட்டார். இரண்டு பேரையும் ஓரிடத்தில் உட்கார வைத்தால் ஏதாவது பேசிக்கொள்வார்கள் என்று அனன்யா போட்ட திட்டம்தான் இந்தப் படம்.

‘ரங்கநாயகுலு’ தெலுங்குப் படம். அதன் முதல் பாகத்தைத் தமிழில் டப் செய்து டிவியில் போடும்போதெல்லாம் சுப்ரமணியன் பார்த்துவிடுவார். மகளைத் தனியாக வளர்க்கும் ரங்கநாயகுலு என்ற லாரி டிரைவரின் கதை. கடைசிக் காட்சியில் சுப்ரமணியன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்வார். இரண்டாம் பாகம் வந்த உடனே அனன்யா கோரமங்களா மாலில் சனிக்கிழமை மதியக் காட்சிக்கு மூன்று டிக்கெட் எடுத்துவிட்டாள். தமிழ் டப்பிங் பெங்களூருக்கு வரவில்லை, கீழே எழுத்தும் போட மாட்டார்கள். தேஜஸுக்குத் தாய்மொழியே தெலுங்கு, அவன் பக்கத்திலிருந்து சொல்லுவான் என்று அப்பாவைச் சமாதானப்படுத்தினாள். அவர் மறுத்து எதுவும் பேசவில்லை. தியேட்டர் வாசலுக்கு வந்ததும் ஆபீசில் அவசரம் என்று லேப்டாப்போடு கீழ்த்தளத்தில் தங்கிவிட்டாள்.

இரண்டாம் பாகத்தில் ரங்கநாயகுலுவின் மகள் காதலித்துக் கல்யாணம் செய்துகொள்கிறாள், வந்த மாப்பிள்ளை மாமனாரைத் தீர்த்துக்கட்டப் பார்க்கிறான் என்பதை மட்டும் அனன்யா விசாரிக்காமல் விட்டுவிட்டாள்.

தேஜஸுக்கு வேறு வழி தெரியவில்லை. மாமனாரை முதியோர் இல்லத்தில் தள்ளிவிடலாம் என்று திரையில் மாப்பிள்ளை சொன்னான். அவரை நம்மோடேயே வைத்துக்கொள்ளலாம் என்று மனைவியிடம் கெஞ்சுகிறான் என்றான் தேஜஸ். பாலில் கலந்த விஷம் சத்து மாவாக மாறியது. முன் வரிசையில் இருந்த ஒரு பெண் திரும்பி அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அவளுக்கு இரண்டு மொழியும் தெரியும் போலிருக்கிறது.

இடைவேளைக்குச் சற்று முன்னால் மாப்பிள்ளை மாமனாரை மொட்டை மாடியிலிருந்து தள்ளினான்.

“தள்ற மாதிரின்னா இருந்தது?”

“இல்ல அங்கிள், பிடிக்கப் பாத்தாரு. கை எட்டல.”

“த்சொ,” என்றார் சுப்ரமணியன்.

ரங்கநாயகுலு சாகவில்லை. இடைவேளைக்குப் பிறகு திரும்பி வந்து, கல்யாண மண்டபம் ஒன்றில் மாப்பிள்ளையைத் தூக்கிப் போட்டு மிதித்தார். இத்தனை நல்ல பையனை எதற்கு அடிக்கிறார் என்று சுப்ரமணியன் கேட்டார். ஆளை மாற்றி அடிக்கிறார் என்றான் தேஜஸ். கண் ஆபரேஷன்தான் இன்னும் நடக்கவில்லையே. சுப்ரமணியன் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினார். இருமல் நிற்க நேரம் பிடித்தது.

படம் முடிந்து வெளியே வந்தவர்கள் திட்டிக்கொண்டே நடந்தார்கள். முதல் பாகத்தின் பெயரையே கெடுத்துவிட்டார்கள் என்று ஒரு கல்லூரிக் கும்பல் கன்னடத்தில் புலம்பியது. காபி கவுன்டர் பக்கம் ஒதுங்கி நின்ற சுப்ரமணியன், தனக்கு முதல் பாகத்தைவிட இதுதான் பிடித்திருக்கிறது என்றார். அப்படி ஒரு மாப்பிள்ளை அமைய அந்த ரங்கநாயகுலு கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றும் சொன்னார்.

தேஜஸ் எதிர்பார்த்து வந்தது இதைத்தான். ஆனால் கையிலிருந்த காபி அவனுக்கு இறங்கவில்லை. இல்லாத ஒரு நல்லவனைக் காட்டி இந்த மனிதரிடம் பெண் கேட்பதா என்று இருந்தது. கோப்பையைக் கீழே வைத்தான்.

“அங்கிள், நான் சொன்ன கதை அந்தப் படத்துல இல்ல. அவன் மாமனாரைத் தள்ளித்தான் விட்டான். பால்ல வச்சது விஷம். உங்க பக்கத்துல உக்காந்துகிட்டு அதையெல்லாம் சொல்ல எனக்கு வாய் வரல. இப்ப உங்களுக்கு என் மேல என்ன தோணுதோ, அது நியாயம்தான்.”

சுப்ரமணியன் அவனை முதல்முறையாக நேருக்கு நேர் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. அவன் தோளில் கை வைத்து, கல்யாண விஷயமாக உன் அப்பா அம்மாவைப் பார்த்துப் பேச வேண்டும், உங்கள் வீட்டுக்கு எப்போது வரலாம் என்று கேட்டார்.

தேஜஸுக்குக் கண் கலங்கியது. நாளைக்கே வாருங்கள், அம்மா சந்தோஷப்படுவாள் என்று மளமளவென்று தன் தாய்மொழியில் சொல்லி முடித்தான். சொன்னபிறகுதான் அவனுக்கு உறைத்தது, அவர் கேட்டதே தெலுங்கில்தான்.