செவ்வந்தியம்மாவுக்கு ஒரு பேனர்

“கண்ணு மட்டும் பளிச்சுனு தெரியணும்ணே. அவங்க நடிப்பே கண்ணுலதான் கீது!”

கும்மிடிப்பூண்டி கம்பி கம்பெனியில் வேலை செய்யும் பூவராகவன், இதற்காகவே லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். புதுவாயல் கூட்ரோட்டில் தேசப்பனின் ஸ்டுடியோ. போட்டோ எடுப்பது, பிரேம் போடுவது, பேனர் அடிப்பது எல்லாம் அங்கேதான்.

“யாருப்பா, ஹீரோயினா?” என்றார் தேசப்பன்.

“ஹீரோயினாம் ஹீரோயின்! அது மூஞ்சில இன்னாண்ணே கீது? நான் சொல்றது செவ்வந்தியம்மா. ராத்திரி எட்டு மணி சீரியல்ல ஹீரோவோட அம்மா. எவ்ளோ நாளா நடிக்கிறாங்க, டைட்டில்ல பேரு கூட போடல. இன்னா அநியாயம் பாருங்க!”

“எனக்கு எப்படிப்பா தெரியும்? எங்க ஊட்ல டிவியே கெடையாது. சீரியல் பாத்தா குடும்பம் கெட்டுடும்னு தூக்கிப் போட்டுட்டேன்.”

இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனுஷனா என்று பூவராகவனுக்கு மரியாதையே வந்துவிட்டது.

“நல்லா அழுவாங்களா?” என்று கேட்டார் தேசப்பன்.

“அழவே மாட்டாங்க. மத்தவங்கதான் அவங்க முன்னாடி நின்னு அழுவாங்க. அவங்க சும்மா ஒரு பார்வை பாப்பாங்க. அவ்ளோதான், நான் எழுந்து நின்னு கும்புட்டுடுவேன்.”

“வசனமாவது நல்லா பேசுவாங்களா?”

“ஒரு வார்த்தை பேச மாட்டாங்க.”

“ஓ, ஊமை வேஷமா?”

“இல்லண்ணே. செத்துப்போன வேஷம்.”

பூவராகவன் செல்போனை நீட்டினான். சீரியல் வீட்டுச் சுவரில் ஒரு பெண்மணியின் படம். அதற்குச் சந்தன மாலை, கீழே மினுக்மினுக்கென்று ஒரு சீரியல் பல்பு.

தேசப்பன் வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

“யோவ், இது வெறும் போட்டோய்யா!”

“அல்பமா சொல்லாதீங்கண்ணே. புள்ள கல்யாணத்தன்னிக்கு அந்த முகத்துல ஒரு சிரிப்பு பாக்கணுமே! வில்லி பால்ல விஷம் கலக்குறப்போ அதே முகத்துல அப்படி ஒரு கோவம்!”

“ரெண்டும் ஒரே போட்டோதானய்யா!”

“அதான்ணே நடிப்பு!”

தேசப்பன் தலையைச் சொறிந்தார்.

“நேத்து அந்த வில்லி, ‘இந்தப் படத்தைக் கழட்டி பரண்ல போடு’ன்னுட்டா. அத்தோட தொடரும் போட்டுட்டாங்க. கழட்டிட்டா அவங்க கதை முடிஞ்சுதுண்ணே. நாளைக்குக் காலைல ஷூட்டிங் வண்டி இந்த ரோடு வழியாதான் கவரப்பேட்டை பங்களாவுக்குப் போவுது. டைரக்டர் கண்ணுல நம்ம பேனர் படணும். எழுதிக்குங்க. ‘சுவரில் வாழும் தெய்வமே, சுவரை விட்டு இறங்காதே! இப்படிக்கு, செவ்வந்தியம்மா ரசிகர் மன்றம்.’”

“மன்றத்துல எத்தினி பேரு?”

“நானும் என் ரூம்ல கூட தங்கியிருக்கிற சாம்சனும். சாம்சன் கொஞ்சம் டவுட்டு.”

“மிஷின் ரிப்பேருப்பா” என்றார் தேசப்பன்.

அவர் முதுகுக்குப் பின்னாலேயே மிஷின் யாருடைய காதணி விழாவுக்கோ கரகரவென்று பேனர் அடித்துக்கொண்டிருந்தது.

“ஓடுதேண்ணே?”

“ஓடும். ஆனா மஞ்சள் கலர் தீந்துபோச்சு. அதுவும் இல்லாம, மாலை போட்ட படத்தை ரோட்டுல வெச்சா ஊருக்கே ஆவாது. பேசாம ஹீரோயின் படம் போடு. நானே ஓசில அடிச்சுத் தர்றேன்.”

பூவராகவனின் முகம் தொங்கிப்போனது.

“எனக்கு அம்மா கெடையாதுண்ணே. சின்ன வயசுலயே போயிட்டாங்க, ஒரு போட்டோ கூட இல்ல. ஷிப்ட் முடிஞ்சு ரூமுக்கு வந்தா, இவங்க முகத்தைப் பாத்துட்டுதான் சோத்துல கைய வைப்பேன். இவங்களையும் பரண்ல போட்டுட்டா நான் யாரைப் பாக்கறது?”

தேசப்பனுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் கடிகாரத்தைப் பார்த்ததும் பரபரத்தார்.

“கும்மிடிப்பூண்டில வேற கடை கீது, அங்க போய் அடிச்சுக்கோ. சோத்து நேரம் ஆவுது. சீக்கிரம் கெளம்புப்பா!” என்று அவன் தோளைப் பிடித்துத் தள்ளாத குறையாக வாசலுக்கு நகர்த்தினார்.

வாசலில் சாப்பாட்டு கேரியரோடு ஒரு அம்மா வந்து நின்றாள்.

பூவராகவன் அவளைப் பார்த்தான். போனைப் பார்த்தான். மறுபடியும் அவளைப் பார்த்தான். அப்படியே நெடுஞ்சாண்கிடையாக அவள் காலில் விழுந்தான்.

“செவ்வந்தியம்மா! உயிரோடவா கீறீங்க!”

“ஐயய்ய, எழுந்திருப்பா! நான் செண்பகம், இவரு சம்சாரம். யாரு அந்த செவ்வந்தி?”

அவன் போனைக் காட்டினான். சந்தன மாலைக்கு நடுவில் தன் முகமே தன்னைப் பார்ப்பதைச் செண்பகம் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள்.

“இந்தப் படத்தை எலி கடிச்சிடுச்சுன்னு சொன்னியேய்யா!”

“ஷூட்டிங்காரங்க வந்து, அவசரமா ஒரு செத்துப்போன அம்மா படம் வேணும்னாங்க” என்று இழுத்தார் தேசப்பன். “கடைல பெருசா பிரேம் போட்டு மாட்டியிருந்தது உன்னுது ஒண்ணுதான்...”

செண்பகத்தின் முகம் சிவந்தது.

“அதேதாண்ணே! விஷப் பால் சீன்ல பாத்த அதே கோவம்!” என்று பூவராகவன் சிலிர்த்துப்போனான்.

செண்பகம் கேரியரை ணங்கென்று மேஜைமேல் வைத்தாள்.

“ஓஹோ... அதுக்குத்தான் மூணு வருஷமா ஊட்ல டிவி இல்லாம பண்ணினியா?”