ஹத்துலேசிக்குப் பெண் கொடுக்காதீர்கள்

"அடுப்பை அணைங்கண்ணே, தண்ணி கொதிச்சு முடிஞ்சுது." தம்பி குரல் கொடுத்தான்.

இத்ருஸ் அணைத்தான். விடிகாலை சுபுஹு தொழுதாயிற்று. வாசல் கூட்டியாயிற்று. இறந்துபோன அவன் மனைவி சல்ஹாவுக்கு நாளை நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓத வேண்டும். தம்பி கொண்டுவந்த மீனைக் கழுவ வேண்டும்.

வாசலில் பைக் நின்றது. ஜகார்த்தாவிலிருந்து அம்பொன் தீவுக்கு வந்திருந்த இளம் உஸ்தாத் ஃபிக்ரி. இணையத்தில் பயான் என்னும் மார்க்கச் சொற்பொழிவு செய்பவர்.

"உங்க மனைவி பெண்களுக்குப் பண்ணின பயானை நான் போட்டதிலேர்ந்து நாடு பூரா அதே பேச்சு. அக்கா நெருப்புங்க."

போனை நீட்டினார். சல்ஹாவின் குரல்.

"ஹத்துலேசி ஊருக்கு நம்ம பொண்ணைக் கொடுக்காதீங்க. அங்கேருந்து பொண்ணு எடுக்காதீங்க. மீறினா நம்ம வம்சத்துக்கே ஆகாது."

அதோடு நின்றது. கீழே கருத்து எழுதியவர்களில் பாதிப் பேர் அந்த ஊர்க் கிறிஸ்தவர்களைத் திட்டியிருந்தார்கள். மீதிப் பேர் சல்ஹாவை.

"இன்னும் இந்த மாதிரி இருந்தா கொடுங்க. அந்த ஊர்க்காரன் ஒருத்தனும் தலைநிமிரக் கூடாது."

"சர்க்கரை போடலாமா, உஸ்தாத்?" தம்பி காப்பியோடு வந்தான்.

"உங்க தம்பியா?"

"ஆமா" என்றான் இத்ருஸ். "இதை முழுசா கேட்டீங்களா?"

"எனக்கு வந்தது இவ்வளவுதான். வந்ததைப் போட்டேன்."

"செய்தி வந்தா முதல்ல விசாரிக்கணும்னு போன வாரம் நீங்கதான் பேசினீங்க. எனக்கு மிச்சம் அவ பேர் ஒண்ணுதான். அதுலயும் சேறு."

"சேறா? மார்க்கத்தைத்தானே சொன்னாங்க?"

இத்ருஸ் திரும்பினான். "யோப்பி, அவ போனை எடுத்துட்டு வா."

உஸ்தாத்தின் கை நின்றது. "யோப்பியா? கிறிஸ்தவப் பேராச்சே."

"ஹத்துலேசிதாங்க என் ஊரு. சர்ச்சுல மணி அடிக்கிறவன்" என்றான் யோப்பி. "தலைநிமிர்ந்துதான் நிக்கிறேன். குடிங்க, ஆறிடும்."

இத்ருஸ் முழுப் பதிவையும் போட்டான். உஸ்தாத் வெட்டிப் போட்ட இடத்தைத் தாண்டி அது ஓடியது. பெண்கள் ஆமோதிக்கும் முணுமுணுப்பு. பிறகு சல்ஹா.

"ஏன்னு கேக்காமலே தலையாட்டுறீங்களே! பாட்டன் காலத்துல ரெண்டு ஊரும் ஒரே கிண்ணத்துல குடிச்சு சத்தியம் பண்ணியிருக்கு. நம்ம பள்ளிவாசலுக்கு அவங்க மரம் தூக்கினாங்க, அவங்க சர்ச்சுக்கு நாம கல்லு சுமந்தோம். கூடப்பிறந்தவங்களைப் போய் யாராவது கட்டிக்குவாங்களா?"