கல் மேல் இரண்டு கை

“ஏழு மணி பஸ் போறதுக்கு முந்தியே பாத்துட்டேனுங்க அம்மிணி. கல்லு நகந்து நிக்குது” என்றார் பெரியண்ணன்.

ஏட்டு மேகலா வண்டியைக் காப்பிச் செடிகளின் ஓரமாக நிறுத்தினாள். எல்லைக்கல் பழைய குழியிலிருந்து இரண்டு முழம் தள்ளி, பெரியண்ணனின் காட்டுக்குள் நின்றது. சுற்றிலும் புது மண்.

“யார் மேலங்க சந்தேகம்?”

“பக்கத்துக் காட்டுச் சடையன். வேற யாரு?”

அந்தப் பக்கம் ஓர் ஓட்டு வீடு. கதவுப் பூட்டில் துரு ஏறியிருந்தது.

“அவருதான் திருப்பூருக்கு மக ஊட்டோடயே போயிட்டாராமே?”

“ஆளு வெச்சு நகத்தியிருப்பான். பொல்லாதவனுங்க.”

“ரெண்டு பேருக்கும் அப்படி என்ன பகை?”

“எங்க தாத்தன்தான் மொதல்ல மலையேறி வந்து இங்க காடு வெட்டினாரு. அவன் தாத்தன் பொறவு வந்து ஒண்டுனாரு. இவன் அதை மாத்திச் சொல்லுவான். மீசை மொளைக்காத வயசுலருந்து இதே பேச்சுதான். சேர்வராயன் கோயில் திருவிழாவுல சாமியை உட்டுட்டு எங்க சண்டையைப் பாக்க ஒரு கூட்டமே நிக்குமுங்க.”

மேகலா சிரித்தாள். அவர் உள்ளே போய்க் காப்பி கொண்டுவந்தார். தம்ளரின் விளிம்பில் தூசி. அதைப் பார்த்துவிட்டுத் திரும்பப் போய்த் தம்ளரைக் கழுவி, வேறு காப்பி ஊற்றிவந்தார்.

“ஊட்டுல வேற யாரும் இல்லீங்களா?”

“இல்லீங்க. கீழ்ப்பக்கம் காட்டேஜ் கட்டிட்டாங்க. சனி, ஞாயிறு வெளிச்சம் தெரியும்.”

“சரி. ஆளைக் கூப்புட்டுக் கல்லைப் பழைய எடத்துலயே நட்டுருங்க. நான் நிக்கறேன்.”

“ஆகாதுங்க” என்றார் வேகமாக. “கல்லு நகந்தா ரெண்டு பக்கத்தாரும் வந்து அது மேல கை வெக்கணும். பொறவுதான் நடலாம். எங்க மலை வழக்கம். அவன் வந்தே ஆகணும்.”

“வந்தா அடிதடி ஆயிடாதே?”

“ஆனா ஆகட்டுமுங்க.”

அவர் சொன்ன எண்ணை மேகலா அழைத்தாள். ஸ்பீக்கரில் போட்டு விஷயத்தைச் சொன்னாள். முதலில் இருமல் கேட்டது.

“நான் யாரையும் அனுப்பலீங்க” என்றது சடையனின் குரல். “அவன் சொல்ற எடத்துலயே நட்டுக்கட்டும்.”

“நீங்க வந்து கை வெக்கணும்ங்கறாருங்க.”

“நெஞ்சுல ஆப்பரேசன் ஆயிருக்குது. மக உடமாட்டா. இனி மலையேறி வர்றதெல்லாம் இல்லீங்க. அவன் தாத்தன்தான் மொதல்ல வந்தாரு. நானே ஒத்துக்கிட்டேன்னு சொல்லிருங்க.”

மேகலா நிமிர்ந்தாள். “ஜெயிச்சுட்டீங்களே, ஐயா!”

பெரியண்ணன் துருப்பிடித்த பூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கை நீட்டிப் போனை வாங்கினார். அதை வாயருகே வைத்துக்கொண்டார்.

“டேய் சடையா, பொய் சொல்லாதடா. உங்க தாத்தன்தான் மொதல்ல வந்தாரு. கல்லை நாந்தாண்டா எம்பக்கம் தள்ளி நட்டேன். ஒரே ஒருக்கா வந்து சண்டை போட்டுட்டுப் போயேண்டா?”