பயச் சான்று

ஊனமுற்று வந்த ராணுவத்தினர் நவம்பர்தோறும் பயச் சான்று கொடுக்க வேண்டும். போரில் பட்ட பயம் அறுபதுக்குக் கீழே இறங்கினால் படிப்புச் சலுகை நின்றுவிடும். ஹவில்தார் தணிகாசலம் அந்தச் சலுகையில்தான் எக்ஸ்ரே டெக்னீஷியனுக்குப் படித்துக்கொண்டிருந்தார். வகுப்புக்குப் போகத் தொடங்கியதும் கைநடுக்கம் நின்றுபோனது. வீட்டில் இருந்த சின்னக் கருவியில் அளந்து பார்த்தால் பயம் முப்பத்தொன்று.

"நீதான் வெடி வெடிக்கணும் அமுதா. சொல்லிட்டு வெடிச்சா பயம் ஏறாது," என்றார் மனைவியிடம்.

தீபாவளிக்கு வாங்கிய லட்சுமி வெடி மிச்சம் இருந்தது. அமுதவல்லி அவர் குளிக்கும்போது ஒன்று வெடித்தாள், சாப்பிடும்போது ஒன்று. தட்டைப் போட்டுவிட்டு அவர் கட்டிலுக்கடியில் பாய்வார். தலையைத் தூக்கினால் கையில் ஊதுபத்தியோடு அவள் அழுதுகொண்டு நிற்பாள். பத்து நாள் இப்படியே போனது.

சான்று மையத்தில் கருவி எண்பத்துநான்கு காட்டியது. அமுதவல்லி சாமியைக் கும்பிட்டாள்.

குமாஸ்தா திரையை அவர்கள் பக்கம் திருப்பினார்.

"அளவு சரிதாம்மா. ஆனா இது போர்ல வந்த பயம் இல்ல. பயம் எல்லாத்துலயும் உங்க முகம்தான் வருது. வீட்ல வர்ற பயத்துக்குச் சலுகை கிடையாது."

"வாங்க, போலாம்," என்று அமுதவல்லி அவர் தோளைத் தொடக் கையை நீட்டினாள்.

தணிகாசலம் மேஜைக்கடியில் பாய்ந்தார்.