உயிர் மீன்

“இங்கே என் வாத்துங்க தண்ணியில்லாம சேத்துல புரளுது. அங்கே அவருக்குத் தினம் மீன் விருந்தா?”

வாத்துக்காரிக்கு ஆத்திரம் தலைக்கேறியது. மேட்டுக் குடியிருப்பின் கழிவுநீரைச் சுத்தம் செய்து கால்வாயில் விடும் பிளான்ட்டிலிருந்து மூன்று நாளாகச் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. கால்வாயை நம்பித்தான் குட்டை, குட்டையை நம்பித்தான் வாத்து, வாத்தை நம்பித்தான் அவள் வீட்டு அடுப்பு. முட்டைக் கூடை இன்று பாதிகூட நிரம்பவில்லை.

“ஆப்பரேட்டர் வால்வை மூடிட்டாராம். ஆனா தினமும் மறக்காம வந்து உயிர் மீனாப் பாத்து வாங்கிட்டுப் போறாரு” என்று மீன்கடைக்காரி வேறு எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியிருந்தாள்.

“நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுட்டு வர்றேன் இரு” என்று கணவனிடம் சொல்லிவிட்டு, கூடையும் கையுமாக மேடேறினாள்.

பிளான்ட் வாசலிலேயே நாற்றம் தாங்காமல் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். உள்ளே, அவளுக்கு முன்பே ஒருவர் சண்டையை ஆரம்பித்திருந்தார். குடியிருப்புச் செயலாளர், மூக்கில் கைக்குட்டையோடு.

“வீட்டுல உக்காந்து ஒரு வாய் சாப்பிட முடியலைய்யா! வால்வைத் திறந்து விட்டுத் தொலையேன்.”

“யாரோ அடைப்பு எடுக்க ஆசிட்டைக் கேன் கேனா ஊத்திட்டாங்க சார். அழுக்கைத் தின்னுற கிருமியெல்லாம் செத்துப்போச்சு. புதுசு வளர்ற வரைக்கும் இது வெறும் சாக்கடைதான்.”

“கீழே யாரு இருக்கா? நாலு வாத்துதானே?”

“ஆமா சார். அதனாலதான் திறக்கல.”

“இன்னும் ஒரு நாள் பாப்பேன்!” செயலாளர் விருட்டென்று வெளியேறினார்.

வாத்துக்காரி கதவோரமே நின்றாள். வால்வுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. அதில் ஒரு மீன் மல்லாந்து மிதந்தது. இன்னொன்று மேலே மேலே வந்து வாயைத் திறந்து தவித்தது.

“இதுவா மீன் விருந்து?” வாய்விட்டே கேட்டுவிட்டாள்.

“விருந்தா? நான் மீனே தொடமாட்டேம்மா” என்றார் ஆப்பரேட்டர். கூடை முட்டைகளைப் பார்த்ததுமே அவருக்கு ஆள் யாரென்று புரிந்துவிட்டது. “வெளியே விடுற தண்ணியில முதல்ல மீனை விட்டுப் பாப்பேன். ஒரு பகல் பிழைச்சுக்கிட்டா உங்க வாத்துக்கும் ஆபத்தில்ல. பாவம்தான், என்ன செய்ய? நாளைக்கும் பாக்கணும்.”

வழியெல்லாம் அவள் வைத வசவு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. இந்த மனுஷன் மட்டும் வால்வைத் திறந்திருந்தால், இந்நேரம் மல்லாந்து கிடப்பது அவள் வாத்துகளாக இருந்திருக்கும்.

“ஏம்மா, ஏதோ கேக்கத்தானே வந்தீங்க?”

கூடையைக் கீழே வைத்துவிட்டுப் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கொண்டுவந்த நாலு கேள்வியும் போன இடம் தெரியவில்லை. ஒன்றே ஒன்றுதான் வாயில் வந்தது.

“நாளைக்கு மீனை நான் வாங்கிட்டு வரட்டுமாண்ணே?”